சுபநேரத்தில் பிறந்த சங்கம்

காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். டிப்போ முற்றத்தில் பஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒன்றின் எஞ்சின்கூட உறுமவில்லை. வேர்க்‌ஷொப் கூரையில் காகங்கள் கத்துவது துலக்கமாகக் கேட்டது. அந்த நேரத்தில் அந்த முற்றத்தில் காகத்தின் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

முற்றத்தின் கிழக்குப் பக்கம் ஒரு தகரப் பந்தல். பந்தலுக்குள் மேசை, மேசைக்கு வெள்ளை விரிப்பு, விரிப்பின்மேல் நிறைகுடம், பக்கத்தில் குத்துவிளக்கு. விளக்குக்குக் காவலாக அமைப்பாளர் தோழர் கணநாதன், கழுத்தில் சிவப்புச் சால்வையோடு நின்றார். கண் முழுக்கக் கைக்கடிகாரத்தில்.

“ஒருத்தரும் அவசரப்பட்டு விளக்கைக் கொளுத்திப் போடாதேங்கோ. இன்னும் நேரம் வரேல்லை” என்றார்.

சாரதிகள், கொண்டக்ரர்கள், மெக்கானிக்குகள், ரயர் மாற்றுகிறவர்கள், பஸ் கழுவுகிறவர்கள் எல்லோரும் குளித்து, திருநீறு பூசி, வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். ஒருவரும் லீவில்லை. காய்ச்சல்காரர்கூடப் போர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

படலைக்கு வெளியே வேறொரு கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகிற கிளாக்கர்மார், சாவகச்சேரிச் சந்தைக்குக் கடகத்தோடு புறப்பட்ட பெண்கள். கையில் குடையோடு நின்ற வாத்தியார் ஒருவர் காவற்காரனைப் பார்த்து, “என்ன, இண்டைக்கு ஸ்ட்ரைக்கோ?” என்று கத்தினார்.

“சீச்சீ, ஸ்ட்ரைக் சட்டவிரோதமெல்லோ, வாத்தியார். இது அரசாங்க விழா” என்றான் காவற்காரன்.

எங்கள் டிப்போவில் ஒரு பஸ்கூட ஓடாத வேலைநிறுத்தம் நடந்தது அன்று ஒரு நாள்தான். அதை நடத்தியது அரசாங்கம். கைக்காசு செலவழித்துப் பந்தலும் போட்டு நடத்தியது.

கக்கூசும் சோசலிசமும்

எந்த டிப்போ என்று கேட்காதீர்கள். அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? காலத்தை மட்டும் சொல்கிறேன். எழுபதுகளின் முற்பகுதி. வெளிநாட்டு மிளகாயை நிற்பாட்டியதால் எங்கள் ஊர் மிளகாய்க்குப் பொன் விலை வந்த காலம். அமைச்சரவையில் இடதுசாரித் தோழர்களும் இருந்த காலம்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. எந்தக் கட்சியின் நிழலிலும் ஒதுங்காத சின்னச் சங்கம். வேர்க்‌ஷொப்புக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தடிதான் அலுவலகம். கச்சானும் வெறுந்தேத்தண்ணியும்தான் கூட்டச் செலவு. தலைவர், சாரதி தில்லையம்பலம் அண்ணை. வாயைத் திறந்தால் இரண்டு வசனம், அதற்குமேல் இல்லை. பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டுவார். அவருடைய பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டு வரவேண்டும் என்று நான் பகிடி பண்ணுவேன். நான் அவருடைய கொண்டக்ரர் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு.

எங்கள் கோரிக்கை பெரிய கோரிக்கை அல்ல. பொழுதுபட்டபிறகு கரவெட்டிப் பக்கம் போகிற கடைசி பஸ், அடுத்த நாள் முதல் பஸ்ஸாக அங்கிருந்தே புறப்படும். சாரதியும் கொண்டக்ரரும் பஸ்ஸுக்குள்ளேயே படுக்கவேண்டும். பகல் முழுக்க மிளகாய்ச் சாக்குகள் ஏறியிறங்கிய பஸ். ஆசனத்தில் தலையை வைத்தால் தும்மல், திரும்பிப் படுத்தால் கண்ணெரிவு. விடிய எழும்பினால் பனை வடலிக்குப் பின்னால் ஒதுங்கவேண்டும். அங்கே எங்களுக்கு முன்னால் ஊரே ஒதுங்கியிருக்கும்.

ஆகவே ஒரு அறை, இரண்டு பாய், ஒரு கக்கூஸ் கேட்டோம். நாங்கள் கக்கூஸ் கேட்க, அரசாங்கம் சோசலிசம் தந்தது.

இந்த இடத்தில் பழைய முதலாளியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பஸ்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்னால், மீசை அரும்பிய வயதில், ஒரு தனியார் பஸ்ஸில்தான் நான் ரிக்கற் கிழிக்கத் தொடங்கினேன். சங்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே முதலாளி தூசணத்தால் அர்ச்சனை செய்வார். கையில் அகப்பட்டதை எடுத்து எறிவார். ஒருநாள் பித்தளைச் செம்பு என் காதை உரசிக்கொண்டு போனது. ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. யார் எறிகிறார், எதற்கு எறிகிறார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லை.

பஸ்களை அரசாங்கம் எடுத்த அன்று நாங்கள் வெடி கொளுத்தினோம். முதலாளி ஒழிந்தார் என்று ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தோம். புதிய முதலாளி வெறுங்கையோடு வந்தார். “தோழரே” என்று தோளில் கையைப் போட்டார். அந்தக் கையை அவர் பிறகு எடுக்கவேயில்லை.

கட்டுக்காசு இழந்தவர்

தோழர் கணநாதன் எங்கள் பக்கத்தில் தேர்தலுக்கு நின்று கட்டுக்காசை இழந்தவர். சனம் வேண்டாம் என்று சொன்ன மனிதரை வீட்டுக்கு அனுப்புவதுதான் தேர்தல் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கொழும்பு வேறு மாதிரி நினைத்தது. அவரை ஆளும் கட்சியின் அமைப்பாளராக்கியது. சனம் தெரிவு செய்த பிரதிநிதி பாராளுமன்றத்தில் எழும்பி நின்று பேச, சனம் தெரிவு செய்யாத அமைப்பாளர் ஊரில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி உத்தியோகம் கொடுத்தார். சீமெந்துக்குப் போனாலும் அவர், இடமாற்றத்துக்குப் போனாலும் அவர்.

கட்சியின் பேரில் எங்கள் டிப்போவில் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கும் வேலையில் இருந்த அவர், ஒருநாள் வேப்பமரத்தடிக்கு வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

“தொழிலாளரின்ரை அரசாங்கம் வந்திட்டுது, தோழர்மாரே. இனித் தொழிலாளருக்கு எதுக்குத் தனிச் சங்கம்? ஆருக்கு எதிராய்ப் போராடப் போறியள்? உங்களுக்கு எதிராய் நீங்களோ?”

தில்லையம்பலம் அண்ணை, “அப்ப நீங்கள் ஏன் ஒரு சங்கம் துவங்கிறியள்?” என்று கேட்டார்.

“அது அரசாங்கத்தின்ரை சங்கம். அதிலை சேர்ந்தால் அரசாங்கத்திட்டை ஒண்டும் கேக்கத் தேவையில்லை.”

“கக்கூஸ் கேக்கலாமோ?”

அமைப்பாளர் சிரித்தார். போகும்போது அண்ணையைத் தனியே கூப்பிட்டு, புதிய சங்கத்தில் உபதலைவர் பதவி தருவதாகச் சொன்னார். உபதலைவர் பதவிகள் அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு மாதிரிக் கிடந்தன. காண்கிற ஆளுக்கு ஒன்றை உருவிக் கொடுப்பார். எங்கள் ஊரில் பதவியை வேண்டாம் என்கிற ஆள் அபூர்வம். கோயில் நோட்டீசில் பெயர் விட்டுப்போனதற்காகச் சகோதரத்தோடு கதைபேச்சை நிற்பாட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால் தில்லையம்பலம் அண்ணை “எனக்கு வேண்டாம்” என்றதும், இந்த ஆளுக்கு ஏதோ வருத்தம் என்று அமைப்பாளர் நினைத்திருக்கவேண்டும்.

மருந்து விரைவில் வந்தது. “சேவையின் தேவை கருதி” தில்லையம்பலம் அண்ணைக்கு அடுத்த மாதம் முதல் இடமாற்றம். தெற்கே கடைசி டிப்போ. அதற்கு அப்பால் கடல். கடலில் பஸ் ஓடாதபடியால் அங்கே நிற்பாட்டியிருந்தார்கள்.

அண்ணைக்குக் கலியாணமாகிக் கனகாலம் பிள்ளையில்லை. அந்த வருடம்தான் மனைவி மங்கை அக்காவுக்கு வயிற்றில் தங்கியிருந்தது. முன்பு இரண்டு தடவை கலைந்துபோன கரு. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில், பாரம் தூக்கக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது என்று கட்டளை. அண்ணை வேலைக்கு வருமுன் தண்ணீர் அள்ளி வைத்து, சமைத்து மூடி வைத்துவிட்டு வருவார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இது அமைப்பாளருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இடமாற்றம் என்ற மருந்தைத் தெரிந்தெடுத்தார்.

பழைய சங்கத்திலிருந்து விலகிப் புதியதில் சேர்ந்தால் உத்தரவு கரைந்துபோகும் என்று சொல்லியும் அனுப்பினார். மரத்தடியில் அண்ணை எங்களிடம் தன்னுடைய இரண்டு வசனத்தைச் சொன்னார்.

“நான் கையெழுத்து வைச்சால் நீங்கள் எல்லாரும் வைக்கவேண்டி வரும். நான் வைக்கேல்லை.”

வாக்கியமோ, திருக்கணிதமோ

இனி அந்த விழாவுக்கு நேரம் பார்த்த பஞ்சாங்கத்துக்கு வருகிறேன்.

புதிய சங்கத்தின் திறப்புவிழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடு. மேடையில் மதம் அபின் என்று முழங்குகிற தோழர் கணநாதன், மேடையை விட்டு இறங்கினால் ராகுகாலத்தில் செருப்பும் போடமாட்டார். டிப்போவில் பஞ்சாங்கம் தொங்கிய ஒரே இடம் ரைம் கீப்பர் செல்லத்துரை அண்ணையின் பெட்டிக்கடை அளவான அறை. பஸ் போகிற நேரமும் வருகிற நேரமும் எழுதுகிறவரிடம் கிரகங்களின் நேரமும் கேட்டால் என்ன என்று அமைப்பாளருக்குத் தோன்றியது.

நான் ரிக்கற் பெட்டியோடு அங்கே நின்றேன். செல்லத்துரை அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

“உங்களுக்கு வாக்கிய பஞ்சாங்கமோ, திருக்கணிதமோ?”

“எங்கடை வீட்டிலை வாக்கியம்.”

“அப்ப வெள்ளிக்கிழமை காலமை. எட்டு மணியிலையிருந்து ராகுகாலம் துவங்க முன்னம் முடிக்கவேணும். அதை விட்டால் இந்த மாசத்திலை நல்லதே இல்லை.”

“வெள்ளிக்கிழமை எட்டு மணி பஸ் ஓடுற நேரமெல்லே?”

“நான் என்ன செய்ய, தோழர்? கிரகங்கள் அப்பிடி நிக்குதுகள்.”

கிரகங்கள் உண்மையில் எப்படி நின்றன என்பது செல்லத்துரை அண்ணைக்கும் கிரகங்களுக்கும் மட்டும் தெரியும்.

அடுத்த நாள் மனேச்சரின் அறிவித்தல் சுவரில் ஏறியது. சகல ஊழியர்களும் கட்டாயம் சமுகமளிக்கவேண்டும், வராதவர்கள் அரசாங்கத்துக்கு எதிரானவர்களாகக் கருதப்படுவார்கள். சகலரும் வந்தால் பஸ்ஸை யார் ஓட்டுவது என்று மனேச்சருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ‘ஓம்’ என்று ஆமாம் போடுகிற ஒரே சொல்லை ஏணியாக வைத்து அந்தக் கதிரைக்கு ஏறியவர். இறங்க வேறு ஏணி அவரிடம் இல்லை.

மரத்தடியில் செல்லத்துரை அண்ணை யோசனையைச் சொன்னார். “எல்லாரும் போவம். எல்லாரும் சேருவம். பிறகு தலைவர் தெரிவு வருமெல்லோ? எங்கடை கை எங்களிட்டைத்தானே இருக்கு.”

தில்லையம்பலம் அண்ணை தலையை ஆட்டினார். “உது சரிவராது. எங்கடை சங்கத்தை நாங்களே வெறுமையாக்கிற வேலை.”

வாக்கெடுத்தோம். அண்ணை தோற்றார். தலைவரே தோற்கக்கூடியதாக இருந்ததால்தான் அதைச் சங்கம் என்று சொன்னோம்.

மாலை விழுந்த கழுத்து

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை. கிரகங்கள் தங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் அமைப்பாளர் குத்துவிளக்கை ஏற்றினார். கொழும்புப் பெரிய மனிதர் சிங்களத்தில் பேசினார், மனேச்சர் தமிழில் சொன்னார். தொழிலாளி, தோழமை, உற்பத்தி, தியாகம். மனேச்சரின் வாயில் தியாகம் என்ற சொல் வந்தபோது பின்வாங்கில் யாரோ தும்மினார்கள். மிளகாய் பஸ்காரராக இருக்கவேண்டும்.

பிறகு எல்லோரும் அங்கத்தவர்களாகச் சேர்ந்தோம். நெருக்கியடித்துச் சேர்ந்தோம். வாக்கில் தோற்ற தில்லையம்பலம் அண்ணையும் சேர்ந்தார். அமைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுக்காசு இழந்த மனிதருக்கு இவ்வளவு சனம் வரிசையில் வந்தால் கலங்காதா?

தலைவர் தெரிவு. அமைப்பாளரின் மச்சான் ஒருவர் ரயர் ஸ்ரோரில் வேலை. அவர் பெயரை ஒருவர் பிரேரித்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். அத்தோடு முடிந்தது என்று அமைப்பாளர் கை தட்டத் தொடங்கினார். எங்கள் பக்கத்துச் சபைகளில் இரண்டாவது பெயர் சொல்வது மரியாதையில்லை. ஆனால் செல்லத்துரை அண்ணை எழும்பி, “சாரதி தில்லையம்பலம்” என்றார். நான் வழிமொழிந்தேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். பந்தல் முழுக்கக் கை. காய்ச்சல்காரர் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் உயர்த்தினார்.

கொழும்புப் பெரிய மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இவ்வளவு கை தங்களுக்காக உயர்ந்து அவர் கண்டதில்லை. மேசையில் கிடந்த மாலையை எடுத்து, அமைப்பாளர் வாய் திறக்குமுன் தில்லையம்பலம் அண்ணையின் கழுத்தில் போட்டார். தங்கள் சங்கத்தின் தலைவரை எங்கும் மாற்றக்கூடாது என்று மனேச்சருக்கு அங்கேயே உத்தரவும் போட்டார். மனேச்சர் தன்னுடைய ஒரே சொல்லைச் சொன்னார்.

ராகுகாலம் தொடங்க பஸ்கள் புறப்பட்டன. காலையில் படலையில் நின்ற குடை வாத்தியார் மத்தியானம் எங்கள் பஸ்ஸில் ஏறினார். “கெட்டிக்காரர்தான். அரசாங்கத்தின்ரை செலவிலை ஸ்ட்ரைக் பண்ணிப்போட்டியள்” என்றார். நல்லூரில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்தார். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோசமாக நான் வாழ்க்கையில் சில நாள்தான் இருந்திருக்கிறேன்.

இரண்டும் போனது

அந்தச் சந்தோசத்துக்கு ஆயுள் குறைவு.

முதலில் பழைய சங்கத்தின் பதிவை இரத்துச் செய்தார்கள். காரணம், அதன் அங்கத்தவர்கள் அனைவரும் வேறொரு சங்கத்தில் தாங்களாகவே சேர்ந்துவிட்டார்கள், ஆகவே அங்கத்தவர் இல்லாத சங்கம் இருக்க முடியாது. பிறகு புதிய சங்கத்தின் யாப்பு விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். கிளைகளின் தலைவரைத் தலைமையகமே நியமிக்கும். பந்தலுக்குள் நாங்கள் கை உயர்த்தியது வெறும் கருத்தறிதல். எங்கள் கருத்தை அறிந்துகொண்டார்கள், மச்சானை நியமித்தார்கள்.

மூன்றாவதாக, தலைவரல்லாத தில்லையம்பலம் அண்ணைக்குப் பழைய இடமாற்றம் உடனடியாக அமுலுக்கு வந்தது.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அடித்துப் பறித்திருந்தால் இவ்வளவு எரிந்திராது. செம்பால் எறிந்த முதலாளி எவ்வளவோ மேல். இவர்கள் எங்கள் கையாலேயே எங்கள் வீட்டைப் பூட்டவைத்து, திறப்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்கள்.

அண்ணையை நான்தான் ரயிலேற்றிவிட்டேன். “நான் அப்பவே சொன்னனான்” என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “அவளுக்குத் தண்ணி அள்ள ஆரையும் பிடிச்சு விடு” என்றார். அவ்வளவுதான். மகள் பிறந்து தவழத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு முதல் லீவு கிடைத்தது. தூக்கப் போன தகப்பனைக் கண்டு பிள்ளை வீரிட்டு அழுததாம். அவர் ஊரோடு வந்து சேர ஆட்சி மாறவேண்டியிருந்தது. மாறிய ஆட்சி வேறு நிறத்தில் தன் சங்கத்தைக் கொண்டுவந்து, அதே மேசையில் அதே வெள்ளை விரிப்பை விரித்தது.

அண்ணை போனபிறகு எங்களிடம் வீரம் குறைவில்லை. தேத்தண்ணிக் கடையில் அமைப்பாளரைக் கிழிகிழியென்று கிழித்தோம். வேறு சங்கம் பதியவேண்டும் என்பதிலும் எல்லோருக்கும் ஒரே கருத்து. எப்போது என்பதில்தான் வித்தியாசம். ஒருவருக்கு மிளகாய் பிடுங்கி முடியவேண்டும். ஒருவருக்குத் தங்கையின் கலியாணம். ஒருவருக்கு மார்கழி ஆகாது. மச்சான் எங்களைக் கடந்து போனால் கிழிப்பதை நிற்பாட்டித் தேத்தண்ணியை ஊதினோம்.

மங்கை அக்கா

ஒரு பின்னேரம், முதல் முறை வேலைக்காரரும் இரண்டாம் முறை வேலைக்காரரும் மாறுகிற நேரம், மங்கை அக்கா டிப்போவுக்கு வந்தார். நிறைமாதம். ஒரு கை இடுப்பில், மற்றக் கையில் ஒன்றுமில்லை. வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது.

மனேச்சர் பதறிப்போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். “பிள்ளைத்தாச்சி, இருங்கோ தங்கச்சி. ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்கோ, நான் மேலை அனுப்புறன்.”

“நான் உங்களிட்டை வரேல்லை, ஐயா” என்றார் அக்கா. கதிரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்ற எங்களைப் பார்த்தார்.

“ஒரு சங்கம் பதியச் சட்டப்படி ஏழு பேர் காணுமெண்டு அவர் சொன்னவர். அந்த ஏழு பேரையும் ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்.”

சட்டம் அதுதான். ஏழு பேர் பெயர் எழுதினால் போதும். அந்த ஏழு பேரும் அடுத்த மாதம் எந்தெந்தத் திசையில் இருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அடையாளம் தெரியாத ஆட்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் முகத்திலும் அப்படியே பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனார். நான் அவருடைய கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பேன்.

செல்லத்துரை அண்ணை தன் அறைக்குள் போனார். மேசையில் இருந்த சாமான்களைக் கையால் ஒரு பக்கம் தள்ளினார். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தன் பெயரை எழுதினார். பேனையை மூடாமல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

கிறீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் போனார். பிறகு நான். எனக்குப் பின்னால் மிளகாய் பிடுங்க இருந்தவர், அவருக்குப் பின்னால் தங்கைக்குக் கலியாணம் வைத்திருந்தவர். பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்று பழகிய காலம், எவரும் முண்டியடிக்கவில்லை. ஏழு எப்போதோ தாண்டிவிட்டது. வரிசை ரைம் கீப்பர் அறை வாசலில் தொடங்கி டீசல் பம்பைச் சுற்றி வேர்க்‌ஷொப் வரைக்கும் போனது. உபதலைவர் பதவி வாங்கியவர்களும் அதில் நின்றார்கள்.

வெறுங் கதிரையைப் பிடித்தபடி நின்ற மனேச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன லைன் இது? இண்டைக்குச் சம்பளமும் இல்லையே?”

செல்லத்துரை அண்ணை தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“இடமாற்றத்துக்கு, ஐயா. உங்களுக்கும் வேணுமெண்டால் பின்னுக்குப் போய் நில்லுங்கோ.”

மங்கை அக்கா மனேச்சரின் கையிலிருந்த கதிரையை வாங்கி, நிழலில் போட்டு, மெல்ல உட்கார்ந்தார்.